கார்க்ஸ்க்ரூ ரஷ் சட்டி: ஓசூரில் செழிப்பு, தருமபுரியில் தண்ணீர்ப் பாடு

பச்சைக் கம்பியை விரலில் சுற்றி இழுத்துவிட்டது போல முறுக்கிக்கொண்டு நிற்கும் செடி இது. ஓசூர் சுற்றுவட்டார நர்சரிகளில் அல்லிக்கும் தாமரைக்கும் பக்கத்தில் வைத்து விற்கிறார்கள். லேபிளில் கார்க்ஸ்க்ரூ ரஷ் என்று இருக்கும். என்ன செடி என்று கேட்டால், "அது ஒரு மாதிரி புல்லுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இங்கே மதிப்பிடுவது 5 அங்குலக் கறுப்புப் பிளாஸ்டிக் சட்டியில், 280 ரூபாய்க்குக் கிடைத்த ஒரு செடியை. கடைப் பெயர் தேவையில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். செடி நல்ல செடி, லேபிள்தான் தப்பு. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீடு என்றால் தாராளமாக வாங்கலாம். கிருஷ்ணகிரியில் மதிய வெயிலை மறைத்துக் கொடுத்தால் வரும். தருமபுரி, அரூர் பக்கம், அதுவும் போர்த் தண்ணீரை விட்டால் வேறு கதி இல்லாத வீடு என்றால், கீழே தண்ணீரைப் பற்றிச் சொல்லியிருப்பதைப் படித்துவிட்டுப் பர்ஸைத் திறக்கவும்.

லேபிளில் இருந்தது இவ்வளவுதான்: உள் அலங்காரச் செடி. நிழலில் வைக்கவும். மண் காய்ந்த பின் தண்ணீர் ஊற்றவும். வாரம் இருமுறை போதும். நான்கு வரி, நான்கும் தவறு. மணி பிளாண்டுக்கு அச்சடித்ததை எடுத்து இதில் செருகிவிட்டார்கள் போல. இந்த நான்கையும் அப்படியே கடைப்பிடித்தால் கோடையில் ஒரு மாதத்துக்குள் சட்டியில் வைக்கோல்தான் மிஞ்சும்.

இதன் முழுப்பெயர் ஜங்கஸ் எஃப்யூசஸ், அதில் 'ஸ்பைராலிஸ்' என்ற முறுக்கு வகை. புல்லும் இல்லை, நம்மூர்க் கோரையும் இல்லை. கோரைத் தண்டை விரலிடுக்கில் உருட்டினால் மூன்று முனை தட்டுப்படும். இதை உருட்டினால் பென்சில் லீடு மாதிரி வழவழவென்று உருளும். இலை என்று தனியாக எதுவும் கிடையாது. அடியில் செம்பழுப்பு நிறத்தில் உறை போலச் சுற்றியிருப்பதுதான் இலையின் மிச்சம், மேலே தெரிவதெல்லாம் தண்டு. தமிழில் சுருள் கோரை என்று அழைத்தால் வேலைக்கு வசதி, ஆனால் கோரைக்குச் செய்யும் பக்குவத்தை இதற்குச் செய்யக் கூடாது.

முறுக்கு இல்லாத நேர்த் தண்டு வகை, ஐரோப்பாவிலும் கிழக்கு ஆசியாவிலும் ஈரமான மேய்ச்சல் நிலங்களில் தானாக முளைப்பது, இடுப்புயரம் வரை போகும். ஜப்பானியர் தாத்தாமிப் பாய் முடைவது இதன் நெருங்கிய உறவான இகுசா என்ற வகையில். நமக்குக் கோரைப்பாய் எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. இங்கிலாந்தில் மின்விளக்கு வருவதற்கு முந்தைய காலத்தில் தண்டின் தோலை உரித்து, உள்ளே இருக்கும் வெண்சோற்றைக் கொழுப்பில் தோய்த்து விளக்குத் திரியாக எரித்தார்கள். சீனத்திலும் இதற்கு விளக்குத்திரிப் புல் என்றுதான் பெயர்.

அந்த வெண்சோற்றை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது, வளர்ப்பு முறை முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. காய்ந்த தண்டு ஒன்றை எடுத்து நகத்தால் நீளவாக்கில் கீறினால், தெர்மாகோல் நூல் போல ஒரு வெள்ளைத் திரி வரும். நசுக்கினால் எடையே தெரியாது. லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு செல்லும் நட்சத்திர வடிவில் கை நீட்டி அடுத்ததைத் தொட்டுக்கொண்டிருக்கும், இடையில் எல்லாம் காற்று. வேர் சேற்றில் மூழ்கிக் கிடந்தாலும் மூச்சு முட்டாமல் இருப்பது இந்தக் காற்றுக் குழாயால்தான். ஆகவே சேறு இதற்குப் பிரச்சினை இல்லை, மண் காய்வதுதான் பிரச்சினை. மற்றத் தொட்டிச் செடிகளுக்குச் சொல்லும் "அதிகம் தண்ணீர் ஊற்றாதே" என்ற பாடத்தை இங்கே தலைகீழாகப் படிக்க வேண்டும். அதே காரணத்துக்காக, தண்டைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வெட்டக் கூடாது. வெட்டுவாய் வழியாக நீர் புகுந்து காற்றுவழி அடைபட்டால் தூர் அழுகும்.

வாங்கிய சட்டியைப் பற்றி. தண்டு எண்ணிக்கை நாற்பதுக்குக் கொஞ்சம் மேல், அதில் ஏழெட்டு நேர்த் தண்டு. இந்த விலைக்கு அது நியாயம். இருபதுக்குக் கீழே இருந்தால் வேண்டாம். தூர் சிறுசாக இருக்கும், அடுத்த கோடையைத் தாங்காது. சட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்ததில் வேர் வெள்ளையாக, பந்து கட்டியிருந்தது. நல்ல அறிகுறி. கறுத்து, சாக்கடை வாடை அடித்தால் அப்படியே திரும்ப வைத்துவிடலாம். அடி உறை செம்பழுப்பாக இருப்பதைப் பார்த்து அழுகல் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். அது அதன் இயல்பான நிறம். அழுகல் என்றால் விரலால் அழுத்தும்போது கொழகொழக்கும். நுனி பழுப்பு கொஞ்சம் எப்போதும் இருக்கும், ஆனால் மூன்றில் ஒரு பங்குத் தண்டு பாதிக்கு மேல் காய்ந்திருந்தால் நர்சரியிலேயே ஒரு தடவை வறண்டு போன செடி அது.

பார்சலில் வரவழைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். முறுக்குத் தண்டு பெட்டியில் மடங்கினால் மடங்கியதுதான், நிமிராது. மடங்கிய தண்டை அடியோடு வெட்டிவிட்டு, வெட்டுவாய் மூழ்காமல் வேரை மட்டும் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து நட்டால் புதுத் தண்டு வரும். நேரில் வாங்க முடிந்தவர்கள் பார்சலுக்குப் போகாமல் இருப்பதே மேல்.

சட்டியில் இருந்தது முழுக்கத் தேங்காய் நார்க்கழிவு. அனுப்புவதற்கு எடை குறையும், அதனால் அவர்களுக்கு வசதி. நமக்கு வசதி இல்லை. தண்ணீரில் உட்காரவைத்தால் மிதந்து மேலே வரும், ஒரு நாள் காய்ந்தால் சட்டிச் சுவரிலிருந்து விலகிவிடும், பிறகு ஊற்றும் தண்ணீர் ஓரமாகவே வழிந்து போகும். கழுவாத நார்க்கழிவில் உப்பும் இருக்கும். ஆகவே வாங்கிய வாரத்திலேயே மாற்ற வேண்டும்.

ஓட்டை இல்லாத 10 அங்குலத் தொட்டி போதும். சிமென்ட் அல்லது மண் தொட்டி சிறந்தது. கறுப்புப் பிளாஸ்டிக் நம் ஏப்ரல் வெயிலில் வேரை வேகவைத்துவிடும். பிளாஸ்டிக்தான் இருக்கிறது என்றால் அதை இன்னொரு பெரிய தொட்டிக்குள் இறக்கி, நடுவே மணல் போட்டுவிடலாம். மண் கலவை: ஏரி வண்டல் அல்லது களி கலந்த செம்மண் மூன்று பங்கு, நன்றாக மட்கிய இலை உரம் ஒரு பங்கு. பச்சைச் சாணம் வேண்டாம். தண்ணீருக்கடியில் அது புளித்து வேரைக் கெடுக்கும். நர்சரி நார்க்கழிவை வேரிலிருந்து முழுசாக உதறத் தேவையில்லை, வெளிப்பக்கம் ஒரு விரற்கடை உதறினால் போதும். செடி முன்பு இருந்த ஆழத்திலேயே நடவும். மேலே அரை அங்குலத்துக்குக் கூழாங்கல் பரப்பவும்.

மண் எடுக்கும்போது ஒரு சின்னச் சோதனை உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரிச் செம்மண்ணில் பல இடங்களில் சுண்ணாம்புக் கல் கலந்திருக்கும். ஒரு கைப்பிடி காய்ந்த மண்ணில் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடவும். சுரீரென்று நுரைத்தால் அந்த மண் வேண்டாம். இந்தச் செடி புளிப்பு மண்ணில் பிறந்தது. சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேருக்கு ஏறாது. பழைய தண்டு பச்சையாக நிற்க, புதிதாக வரும் தண்டு மட்டும் வெளிர் மஞ்சளாக வந்தால் அதுதான் நோய். கடையில் கிடைக்கும் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 2 கிராம் கரைத்து மண்ணில் ஊற்றினால் லேசான மஞ்சளுக்குச் சரியாகும். சுண்ணாம்பு அதிகம் என்றால் அன்னபேதி மண்ணிலேயே கட்டுண்டுவிடும், அப்போது செடிக்கு ஏறும் செலேட் வடிவ இரும்பில் ஈடிடிஹெச்ஏ வகையைக் கேட்டு வாங்க வேண்டும். தண்டில் தெளிப்பது வீண். வழவழப்பில் நிற்காமல் உருண்டு விழும்.

இனித் தண்ணீர். தருமபுரியில் இந்தச் செடி சாவதற்கு வெயிலைத்தான் எல்லோரும் குற்றம் சொல்வார்கள். முக்கால்வாசி நேரம் உப்புதான் காரணம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். போர்த் தண்ணீரின் டிடிஎஸ் 1,000 என்று வைத்துக்கொள்வோம். அதாவது லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு. கோடையில் 10 அங்குலத் தொட்டி நாளுக்கு ஒரு லிட்டர் வரை குடிக்கும். குடிப்பதும் ஆவியாவதும் தண்ணீர், உப்பில் பெரும்பகுதி தொட்டியிலேயே தங்கும். ஓட்டை இல்லாததால் அது வெளியேற வழியில்லை. 30 நாளில் 30 கிராம். தொட்டி மண்ணில் நிற்கும் தண்ணீர் மொத்தமே நாலு லிட்டர்தான். அப்படியானால் லிட்டருக்கு 7 கிராமுக்கு மேல் ஆகிறது. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம். ஒரே மாதத்தில் செடியைக் கடலில் ஐந்தில் ஒரு பங்கு தூரம் கொண்டுபோய்விட்டோம். இதில் கொஞ்சம் சுண்ணாம்பாகப் படிந்துவிடும், தொட்டி விளிம்பில் வெள்ளை வளையம் தெரிவது அதுதான். மிச்சம் வேரைச் சுற்றி நிற்கிறது. தண்ணீர் ததும்பும் தொட்டியில் செடி தாகத்தில் காய்வது இப்படித்தான். அதைப் பார்த்து இன்னும் ஊற்றுவார்கள், இன்னும் உப்பு ஏறும்.

வழி என்ன? தொட்டி அடியில் ஒரு துளை போட்டு ரப்பர் மூடியால் அடைத்துக்கொள்வது. 15 நாளுக்கு ஒரு தடவை மூடியைப் பிடுங்கி முழுசாக வடியவிட்டு, மேலிருந்து எட்டு லிட்டர் நல்ல தண்ணீர் மெதுவாக ஊற்றிக் கழுவி, மறுபடி அடைத்து நிரப்ப வேண்டும். கழுவும் தண்ணீர் நல்லதாக இருக்க வேண்டும், போர்த் தண்ணீரால் கழுவினால் பாதிப் பயன்தான்.

நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும்? மழைநீருக்கு நிகர் இல்லை. 100 சதுர அடி மொட்டைமாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 90 லிட்டர் வரும். ஐப்பசி மழையில் இரண்டு டிரம் மூடி வைத்தால் ஒரு செடிக்குக் கோடை முழுக்க ஓடும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது, வாளியைக் கீழே வைத்தால் போதும். ஆர்.ஓ. இயந்திரத்தில் நாம் குடிக்கும் பக்கத்து நீர் ஆகும், வெளியே தள்ளும் கழிவு நீர் ஆகவே ஆகாது. வீணாகப் போகிறதே என்று அதைச் செடிக்கு ஊற்றுவது பல வீட்டு வழக்கம். இந்தச் செடிக்கு அது உப்பை அள்ளிப் போடுவதுதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் ஊர்களில் அந்தத் தண்ணீர் போரை விட எவ்வளவோ மேல். இந்த இரண்டு மாவட்ட நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தானே அந்தத் திட்டமே வந்தது. ஒரு நாள் திறந்த வாளியில் வைத்திருந்து ஊற்றலாம். குடிக்கிற தண்ணீரைச் செடிக்கா ஊற்றுவது என்று வீட்டில் ஒரு குரல் வரும், அதற்கு இங்கே பதில் இல்லை.

கையில் டிடிஎஸ் மீட்டர் இருந்தால் 300-க்குள் கவலையில்லை, 500 வரை சமாளிக்கலாம், அதற்கு மேல் மழைநீர் கலந்து குறைக்கவும்.

எவ்வளவு ஊற்றுவது? தண்ணீர் மட்டம் கூழாங்கல்லின் மேல்பரப்புக்குச் சற்றுக் கீழே நின்றால் போதும். தூரின் மேல் இரண்டு மூன்று அங்குலம் நின்றாலும் செடிக்குக் கெடுதல் இல்லை, ஆனால் திறந்த தண்ணீர் என்றால் கொசு வந்துவிடும். நல்ல தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகப் பறக்கும். கல் மட்டத்துக்குக் கீழே வைத்தால் அந்தத் தொல்லையே இல்லை. அல்லித் தொட்டிக்குள் சட்டியோடு இறக்குகிறவர்கள் நாலு கப்பி மீன் விட்டுவிடவும்.

வெயில் விஷயத்தில் ஊருக்கு ஊர் கதை மாறும். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரம். ரோஜாப் பசுமைக்குடில்கள் அங்கே குவிந்ததற்கு என்ன காரணமோ அதே காரணம் இந்தச் செடிக்கும் பொருந்தும். மொட்டைமாடி முழு வெயிலில் வருஷம் முழுக்க நிற்கும், முறுக்கு இறுக்கமாக வரும். கிருஷ்ணகிரியும் தருமபுரியும் கிட்டத்தட்ட அதில் பாதி உயரம்தான். மாசி முடிந்ததும் செடியைக் கிழக்குப் பக்கத்துக்கு மாற்றி, காலை நாலைந்து மணி நேர வெயில் மட்டும் படும்படி வைத்து, மதியத்துக்கு 50 சதவீத நிழல்வலை கட்ட வேண்டும். அப்படிச் செய்தும் சித்திரையில் பாதித் தண்டு பழுத்துவிடும். தூக்கிப் போட்டுவிட வேண்டாம். தூரை அழுத்திப் பாருங்கள், கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. ஆடிக் காற்றில் சூடு தணிந்ததும் திரும்பத் துளிர்க்கும்.

வீட்டுக்குள் வைத்தால்? சாகாது, அசிங்கமாகும். வெளிச்சம் போதாமல் தண்டு மெலிந்து நீண்டு, ஸ்ப்ரிங் இளகியது போல முறுக்கு அவிழ்ந்து தொங்கும். விருந்தாளி வரும் இரண்டு நாள் வரவேற்பறையில் வைத்துவிட்டு வெளியே கொண்டுபோய்விடலாம். உள் அலங்காரச் செடி என்ற லேபிள் வரிக்கு அவ்வளவுதான் மதிப்பு.

உரம் மிகக் குறைவாக. 19:19:19 கரையும் உரம் லிட்டருக்கு அரை கிராம், மாதம் ஒரு தடவை, அதுவும் ஆடியிலிருந்து தை வரை. கூடப் போட்டால் தண்டு கொழுத்துச் சாயும், தொட்டியில் பாசி கட்டும். பூச்சித் தொல்லை பெரிதாக இல்லை. அடி உறைக்குள் மாவுப்பூச்சி ஒளிந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவினால் போய்விடும்.

நேர்த் தண்டு பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், நாளடைவில் இந்தச் செடியின் முறுக்கைக் குலைப்பது அதுதான். முறுக்கு வகையில் இடையிடையே நேராக ஒன்றிரண்டு எழும்புவது இயல்பு. ஆனால் தூரின் ஒரு பக்கம் முழுக்க நேராகவே வர ஆரம்பித்தால் அந்தப் பக்கம் பழைய இயல்புக்குத் திரும்பிவிட்டது என்று அர்த்தம். நேர்ப்பக்கம் வேகமாகத் தூர் கட்டும், விட்டால் இரண்டு வருஷத்தில் சுருளை அமுக்கிவிடும். மேலாக வெட்டினால் பயனில்லை, அடிக்கிழங்கோடு அந்தத் துண்டை அறுத்து எடுக்க வேண்டும். பழுத்த தண்டையும் ஒவ்வொன்றாகப் பிரித்து அடியில் வெட்டுவதுதான் முறை. நடுவில் வெட்டினால் மேலே வளராது, மொட்டையாக நின்று காயும். முறுக்கு ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் இழுத்தால் நல்லதும் சேர்ந்து வரும். சிறு கத்தரியும் பொறுமையும் வேண்டும். ஒரு சட்டிக்கு அரை மணி நேரம் பிடிக்கும் வேலை.

இரண்டு வருஷத்தில் நடுத்தூர் வெறுமையாகி, ஓரம் மட்டும் வளையமாக நிற்கும். அப்போது பிரித்து நடலாம். ஆடியில் சூடு தணிந்த பிறகோ ஐப்பசியிலோ செய்யவும், கோடையில் தொடவே கூடாது. தொட்டியிலிருந்து எடுத்து, ரொட்டிக் கத்தியால் வெளி வளையத்தை அறுத்து, துண்டுக்குப் பத்துத் தண்டாவது இருக்கும்படி பிரிக்கவும். நாலைந்து தண்டுத் துண்டும் பிழைக்கும், ஆனால் சட்டி நிறைவதற்கு ஒரு வருஷம் ஆகும். நடு மையத்தை உரக்குழிக்கு அனுப்பிவிடலாம். புது நடவை இரண்டு வாரம் நிழலில் வைக்கவும். 280 ரூபாய்ச் சட்டி ஒன்றிலிருந்து இரண்டாம் வருஷம் மூன்று சட்டி தேறும், அந்தக் கணக்கில் விலை அதிகமில்லை. விதையில் முயல வேண்டாம். தூசு போன்ற விதை, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். முளைப்பதெல்லாம் முறுக்கிக்கொண்டு வரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

மதிப்பெண் கேட்டால்: ஓசூர் வட்டாரத்துக்கு ஐந்துக்கு நாலு. கிருஷ்ணகிரிக்கு மூன்று. மழைநீர் சேமிப்பு உள்ள தருமபுரி வீட்டுக்கு இரண்டரை, போர்த் தண்ணீர் வீட்டுக்கு ஒன்று. லேபிளுக்குப் பூஜ்யம். அந்த ஒரு மதிப்பெண் வீட்டுக்காரர்கள் அதே வரிசையில் பக்கத்தில் இருக்கும் குடைக்கோரையைக் கேட்கலாம். தண்டு உச்சியில் குடைக்கம்பி போல இலை விரிந்திருக்கும். முறுக்கு அழகு இல்லை, ஆனால் நம் வெயிலுக்கும் கடினத் தண்ணீருக்கும் அது எவ்வளவோ தாங்கும்.

வாங்குவதற்கு ஏற்ற காலம் புரட்டாசி, ஐப்பசி. அப்போது நட்டால் கோடைக்கு முன் ஆறு மாதம் வேர் பிடிக்க நேரம் இருக்கிறது. மாம்பழ சீசனில் தள்ளுபடி விலையில் கிடைக்கும் செடி பெரும்பாலும் நர்சரியில் வறண்டு மீண்டதாகவே இருக்கும். தண்டின் பக்கவாட்டில் பழுப்புக் கொத்தாகப் பூ வந்தால் விதை கட்டுவதற்கு முன் கிள்ளிவிடுங்கள். பிரித்து மிஞ்சிய தூரை ஏரியிலோ வாய்க்காலிலோ வீச வேண்டாம். வேறு நாடுகளில் ஈர மேய்ச்சல் நிலத்தில் புகுந்து களையாகிப்போன செடி இது. வெயிலில் ஒரு வாரம் காயவைத்து, பிறகு உரக்குழியில் போடவும்.